சைகோனில் மூன்றரை வருடம், மூன்று ஆங்கில மையங்கள்

போன வாரம் நாகர்கோவிலிலிருந்து ஒரு தம்பி போன் செய்தான். "அண்ணே, சைகோன்ல ஒரு சென்டர்ல மணிக்கு மூணு லட்சம் டாங் தர்றேங்கிறாங்க. வரலாமா?" சென்டர் என்றால் பிள்ளைகளுக்கு ஆங்கில டியூஷன் நடத்தும் தனியார் மையம்; டாங் வியட்நாம் பணம். மூன்று லட்சம் டாங் என்றால் நம் கணக்கில் சுமார் ஆயிரம் ரூபாய். 2022 ஆகஸ்டில் நானும் அந்த ஒரு எண்ணைக் கேட்டுவிட்டுத்தான், வியட்நாமின் சைகோனில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க விமானம் ஏறினேன். எம்.ஏ. ஆங்கிலம், ஆங்கிலம் கற்பிக்கப் பயிற்சி பெற்றதற்கான 120 மணி நேர டெஃபல் சான்றிதழ், ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வில் 8, எல்லாம் கையில் இருந்தன. எதையெல்லாம் "மணி" என்று எண்ணுவார்கள் என்று கேட்கத்தான் தோன்றவில்லை.

முதல் மையம் கோ வாப் மாவட்டத்தில் இருந்தது. (2025 ஜூலையில் நகருக்குள் இருந்த மாவட்டங்களையே எடுத்துவிட்டார்கள். ஆனாலும் எல்லோரும் பழைய பெயரைத்தான் சொல்கிறோம்.) வார நாட்களில் சாயங்காலம் இரண்டு வகுப்பு, சனி ஞாயிறில் காலை ஏழரைக்கே தொடங்கி இரவு வரை. அரை மணி முன்னதாக வர வேண்டும், பெற்றோரிடம் பேச வேண்டும், ரிப்போர்ட் கார்டு எழுத வேண்டும். சனிக்கிழமை மதியம் மூன்று மணி நேரம் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். முதல் மாதம் நோட்டில் நான் குறித்து வைத்தது 96 மணி. சம்பளச் சீட்டில் இருந்தது 61.5. கணக்குப் பார்க்கும் அம்மா கால்குலேட்டரை என் பக்கம் திருப்பிக் காட்டினார்: 41 வகுப்பு, பெருக்கல் ஒன்றரை. அவர் கணக்கில் தப்பே இல்லை. அதோடு, வியட்நாமில் இன்னும் 183 நாள் தங்காதவன் என்பதால் 20 சதவீத வரியும் போயிருந்தது. அது சட்டம்தான், ஆனால் வேலையில் சேரும்போது ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.

இதைவிட மோசம் விசா விஷயம். "ஒர்க் பெர்மிட் வர்ற வரைக்கும் டூரிஸ்ட் விசாவிலேயே வகுப்பு எடுங்க, எல்லாரும் அப்படித்தான்" என்றார்கள். எடுத்தேன். ஒரு புதன்கிழமை சாயங்காலம் வகுப்பு நடுவில் உதவி ஆசிரியை ஓடிவந்து, சோதனைக்கு வந்திருக்கிறார்கள் என்று பின்பக்கப் படி வழியாக இறங்கச் சொன்னாள். கீழே வண்டி நிறுத்துமிடம். வரிசையாக ஹோண்டா வேவ் வண்டிகள், நடுவில் நான், ஒரு கையில் மார்க்கர், இன்னொரு கையில் யானைப் படம் போட்ட அட்டை. நாற்பது நிமிடம் நின்றேன். பெர்மிட் இல்லாமல் வேலை செய்து பிடிபட்டால் ஆசிரியருக்கு 1.5 கோடியிலிருந்து 2.5 கோடி டாங் வரை அபராதம், கூடவே நாட்டை விட்டு வெளியேற்றமும் உண்டு என்று அன்று இரவுதான் தேடிப் படித்தேன். மையத்துக்கும் அபராதம் உண்டு. ஆனால் அவர்கள் ஊருக்கு மூட்டை கட்ட வேண்டியதில்லையே.

பெர்மிட் தாமதமானதில் என் தப்பும் இருக்கிறது. டிகிரி சான்றிதழுக்கு மாநில அட்டெஸ்டேஷன், பிறகு வெளியுறவு அமைச்சகம், பிறகு டெல்லியில் வியட்நாம் தூதரகம் என்று அப்போது மூன்று முத்திரை வேண்டியிருந்தது. பாஸ்போர்ட் ஆபீஸில் போலீஸ் கிளியரன்ஸும் வாங்க வேண்டும். நான் இதெல்லாம் செய்யாமலே வந்து, அப்பாவை அலையவிட்டு, கூரியரில் அனுப்பி வாங்க மூன்று மாதம் ஆனது. கிளம்பும் முன்பே முடித்துவிடுங்கள். ஆங்கிலம் தாய்மொழி இல்லாத நம்மிடம் சி1 என்ற உயர்நிலை ஆங்கிலத் தகுதிக்கான சான்றும் கேட்பார்கள்.

இரண்டாவது மையம் பெரியது. கண்ணாடிக் கட்டடம், நல்ல பாடப்புத்தகம், ஐந்தாம் தேதி டாண் என்று சம்பளம். தகுதிகாண் காலமும் சட்டப்படி 60 நாள், அதற்கு 85 சதவீதச் சம்பளம். ஒன்றரை வருடம் இருந்தேன், குறை சொல்ல மாட்டேன், ஒன்றைத் தவிர. பெர்மிட்டுக்கு என்று வாங்கிய அசல் டிகிரியை அலமாரியில் வைத்துப் பூட்டிக்கொண்டார்கள். வியட்நாம் தொழிலாளர் சட்டத்தின் 17-வது பிரிவு, அசல் சான்றிதழை முதலாளி வைத்திருக்கக் கூடாது என்கிறது. டெபாசிட் பிடிப்பதும் கூடாது. 30 நாள் நோட்டீஸ் கொடுத்த பிறகு அந்தச் சாவி வைத்திருப்பவர் தினமும் லீவில் இருந்தார். 17 என்ற எண்ணைக் காகிதத்தில் எழுதி மேலாளர் மேசையில் வைத்த மறுநாள் சாவி கிடைத்துவிட்டது.

பெரிய இடம் என்றால் பத்திரம் என்ற நம்பிக்கையும் எனக்கு அங்கே இருந்தபோதுதான் போனது. நாடெங்கும் கிளை வைத்திருந்த அபாக்ஸ் லீடர்ஸ் என்ற இன்னொரு நிறுவனம் தன் ஆங்கில மையங்களை மூடத் தொடங்கியபோது, பெற்றோர்கள் கட்டிய பணத்தைத் திருப்பிக் கேட்டு நின்றதையும், ஆசிரியர்கள் சம்பள பாக்கிக்கு அலைந்ததையும் ஊரே பார்த்தது.

இடையில் பல இடங்களில் நேர்காணல். ஓரிடத்தில் ஒரே வாரத்தில் நான்கு டெமோ வகுப்பு எடுக்கவைத்தார்கள். நான்கிலும் பின் வரிசையில் புதுப் பெற்றோர்கள். என்னை வைத்து அட்மிஷன் ஓட்டியிருக்கிறார்கள். இப்போது ஒன்றுக்கு மேல் இலவச டெமோ எடுப்பதில்லை. இன்னோர் இடத்தில், பெற்றோர் கேட்டால் லண்டன் என்று சொல்லச் சொன்னார்கள். நம் பாஸ்போர்ட்டுக்குச் சம்பளம் குறைவு என்பது தெரிந்த கதை. அதற்காக ஊரையும் மாற்றவா? எழுந்து வந்துவிட்டேன்.

ஒரு மையத்தைப் பற்றி உண்மை தெரிய வேண்டுமானால் உதவி ஆசிரியைகளிடம் கேளுங்கள். சாயங்காலம் ஐந்தரைக்கு, பிள்ளைகள் வந்து இறங்கும் நேரத்தில் போய் வாசலில் ஒரு கரும்புச்சாறு வாங்கிக்கொண்டு நின்றால் போதும். இந்த வருடம் எத்தனை வெளிநாட்டு ஆசிரியர்கள் மாறினார்கள், போன மாதம் சம்பளம் எந்தத் தேதியில் வந்தது என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிடுவார்கள். மூன்றாவது மையத்தை எனக்குச் சொன்னதே அப்படி ஒரு பெண்தான்.

கணவனும் மனைவியும் நடத்தும் சின்ன இடம். ஏசி சுமார், புத்தகம் ஜெராக்ஸ். ஒப்பந்தம் இரண்டு மொழியிலும் இருந்தது. வியட்நாமியப் பக்கத்தைப் படிக்க ஒரு தோழியைக் கூட்டிப் போனேன். ஆங்கிலத்தில் வாரத்துக்குக் குறைந்தது 20 மணி என்று இருந்த வரிக்கு, வியட்நாமியத்தில் "தோய் டா" என்று இருந்தது. அப்படியென்றால் அதிகபட்சம். குறைந்தபட்சத்துக்கு "தோய் தியூ" என்று இருக்க வேண்டும். கேட்டதும் அந்த அம்மா காகிதத்தைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார், பழைய ஒப்பந்தத்தைக் காப்பி அடித்ததில் வந்த தப்பு என்றார். பேனாவை எடுத்து அடித்து, "தோய் தியூ" என்று எழுதி, பக்கத்தில் கையெழுத்தும் போட்டார். ஜெராக்ஸ் புத்தகத்தை அன்றே மன்னித்துவிட்டேன்.

தம்பியை ஒப்பந்தத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். அனுப்பினான். அதிலும் "தோய் டா"தான். மாற்றித் தரச் சொல்லிக் கேள் என்றேன். கேட்டு ஐந்து நாளாகிறது, இன்னும் பதில் வரவில்லை என்கிறான்.