டோர் பேட் கறை: மேஜிக் ஸ்பான்ஞ்சா, கிளீனரும் பிரஷ்ஷுமா?

பீஜ் இன்டீரியர் வண்டி ஷோரூமில் நிற்கும்போது அழகாகத்தான் இருக்கும். கதவைத் திறந்தால் உள்ளே வெளிச்சமாக, விசாலமாகத் தெரியும். இரண்டு மழைக்காலம் போகட்டும். டோர் பேட்டின், அதாவது கதவின் உள்பக்கப் பேனலின், கீழ்ப்பாதியில் ஷூ உரசிய கறுப்புக் கோடுகள், கைப்பிடியில் எண்ணெய்ப் பிசுக்கு, பின்கதவில் பிள்ளைகளின் பால்பாயிண்ட் ஓவியம், ஆயுத பூஜைக்கு வைத்த மஞ்சள் குங்குமத்தின் மிச்சம் என்று எல்லாம் சேர்ந்துவிடும். எங்கள் வண்டியிலும் இதே கதைதான். ஈரத்துணிக்கு மசியாத இந்தக் கறைகளுக்கு மூன்று வழிகள் உண்டு: மேஜிக் ஸ்பான்ஞ்; ஏ.பி.சி. என்று கடைகளில் சொல்லும் ஆல் பர்ப்பஸ் கிளீனரும் மென்மையான பிரஷ்ஷும்; வாட்டர் வாஷ் கடையில் இன்டீரியர் கிளீனிங். நான் தேர்ந்தெடுத்தது இரண்டாவது.

வேகம், விலை என்று பார்த்தால் மேஜிக் ஸ்பான்ஞ்தான் ஜெயிக்கும். தண்ணீரில் நனைத்துப் பிழிந்து தேய்த்தால் போதும், ரசாயனம் எதுவும் வேண்டாம். கறுப்புக் கோடு கண்முன்னே மறையும். பிறகு ஏன் அதை முதல் இடத்தில் வைக்கவில்லை என்றால், காரணம் ஒன்றே ஒன்றுதான்: டோர் பேட்டின் சொரசொரப்பு.

செல்போன் டார்ச்சைப் பேனலுக்குப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். தோல் மாதிரி தெரிய வேண்டும் என்பதற்காக அச்சிலேயே வார்த்த மேடு பள்ளம் தெரியும். பெரும்பாலான வண்டிகளில் இந்தக் கெட்டிப் பகுதி பாலிப்ரொப்பிலீன் பிளாஸ்டிக். நிறம் பிளாஸ்டிக்கிலேயே கலந்திருக்கும், மேலே தனியாகப் பூச்சு கிடையாது. அழுக்கு போய் உட்காருவது பள்ளத்தில். ஸ்பான்ஞ் தேய்ப்பதோ மேட்டை. அந்த ஸ்பான்ஞ் மெலமைன் என்ற பிசினால் ஆன நுரை; ஒலியையும் வெப்பத்தையும் தடுக்கும் பொருளாகப் பயன்பட்டு வந்தது. கைக்கு மெத்தென்று இருந்தாலும் வேலை செய்வது மிக நைசான உப்புத்தாள் போலத்தான். சுவர் டைல்ஸ், சுவிட்ச் போர்டு மாதிரி வழவழப்பான இடத்துக்கு அருமை. டோர் பேட்டில் நாலு முறை அழுத்தித் தேய்த்தால் கறையோடு மேட்டின் நுனியும் மழுங்கும். நிழலில் பார்த்தால் ஒன்றும் தெரியாது. சாயங்கால வெயில் சாய்ந்து விழும்போதுதான் அந்த இடம் மட்டும் திட்டாகப் பளபளக்கும்.

வெளி பெயின்ட்டில் லேசான கீறல் விழுந்தால் பாலிஷ் போட்டுத் தேற்றிவிடலாம், மேலே கிளியர் கோட் என்ற நிறமில்லாத பூச்சு இருக்கிறது. உள்ளே அந்த வசதி இல்லை. மழுங்கிய சொரசொரப்பை வீட்டிலோ சாதாரணக் கடையிலோ திரும்ப வரவைக்க முடியாது, பேனலைத்தான் மாற்ற வேண்டும். கறை இன்று போகாவிட்டால் அடுத்த வாரம் இன்னொரு முயற்சி செய்யலாம். சொரசொரப்பு போனால் போனதுதான். என் முடிவுக்கு இதைவிடப் பெரிய காரணம் தேவைப்படவில்லை. விலை கூடிய சில வண்டிகளில் பிளாஸ்டிக்கின் மேல் மெத்தென்ற பூச்சு இருக்கும், சுவிட்சைச் சுற்றிப் பளபளக்கும் கறுப்புப் பட்டை இருக்கும். அங்கெல்லாம் ஸ்பான்ஞ்சைக் காட்டவே கூடாது.

பிரஷ்ஷின் இழை பள்ளத்துக்குள் இறங்கும், கிளீனர் அழுக்கின் பிடியைத் தளர்த்தும், மேடு தப்பிக்கும். ஆனால் பொறுமை வேண்டும். ஏ.பி.சி. பெரும்பாலும் காரத்தன்மை உள்ளது, நேராக ஊற்றக் கூடாது. பாட்டிலில் போட்டிருக்கும் அளவைப் பாருங்கள். உள்பக்கத்துக்குப் பொதுவாக ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு தண்ணீர். பேனலில் அடிக்காமல் பிரஷ்ஷில் அடிப்பது நல்லது. டிரைவர் பக்கக் கதவில்தான் பவர் விண்டோ சுவிட்சுகள் வரிசையாக இருக்கின்றன, உள்ளே ஈரம் போனால் கறையைவிடப் பெரிய செலவு. ஒரு சாண் அளவு இடம் எடுத்துக்கொண்டு, நுரை வரும்வரை வட்டமாகத் தேய்த்து, காய்வதற்குள் மைக்ரோஃபைபர் துணியால் எடுத்துவிட வேண்டும். அப்புறம் வெறும் தண்ணீரில் நனைத்த துணியால் இன்னொரு தடவை. இந்தக் கடைசித் துடைப்பை விட்டால் மிச்சமிருக்கும் கிளீனர் பிசுபிசுக்கும், புதுத் தூசி அதில்தான் முதலில் ஒட்டும். மே மாத வெயிலில் நின்ற வண்டியில் உடனே ஆரம்பிக்காதீர்கள். பேனல் ஆறட்டும்.

எண்ணெய்ப் பிசுக்கு, காபி, சேறு எல்லாம் இதற்கே மசியும். ஷூ கோடு முக்கால்வாசி போகும். மிச்சத்துக்கு ஸ்பான்ஞ்சையே அழைக்கலாம்: நன்றாக நனைத்து, அழுத்தம் கொடுக்காமல், கீழ்ப்பகுதிக் கெட்டிப் பிளாஸ்டிக்கில் மட்டும், இரண்டு இழுப்பு. அதற்கு மேல் பேராசை வேண்டாம்.

ஏ.பி.சி. தோற்கும் இடங்களும் உண்டு. பால்பாயிண்ட் மைக்கு ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால்தான் சரி. பஞ்சில் தொட்டு, கோட்டின் மேல் ஒற்றி ஒற்றி எடுக்க வேண்டும். தேய்த்தால் மை பரவும். பூச்சு உள்ள பேனல் என்றால் கண்ணுக்குப் படாத மூலையில் முதலில் சோதித்துக்கொள்ளுங்கள். ஹேண்ட் சானிடைசரும் ஆல்கஹால்தானே என்று தோன்றும். அதில் கிளிசரின் கலந்திருந்தால் பிசுக்கு மிஞ்சும்.

மஞ்சள் இன்னும் வேடிக்கை. ஏ.பி.சி.யைப் போட்டதும் மஞ்சள் கறை செக்கச் செவேலென்று ஆகும். ஆரத்தித் தட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்ததும் சிவக்கிறதே, அதே சங்கதிதான்: மஞ்சளில் உள்ள குர்குமின் காரம் பட்டால் நிறம் மாறும். பயப்பட வேண்டாம், காரத்தைத் துடைத்தால் திரும்ப மஞ்சளாகும். குர்குமின் தண்ணீரில் கரையாது, ஆல்கஹாலில் கரையும். அதனால் இதற்கும் பஞ்சும் ஆல்கஹாலும்தான். லேசாக மிஞ்சும் சாயலுக்குச் செலவில்லாத வைத்தியம் வெயில். அந்தச் சாயம் வெளிச்சத்தில் வெளுக்கும். மூடிய கதவின் உள்பக்கத்துக்கு நேர் வெயில் கிடைப்பது அபூர்வம் என்பதால் கதவைத் திறந்து வைத்தால்தான் பலன்.

வாட்டர் வாஷ் கடை? நேரமில்லாதவர்களுக்கு நல்ல வழி, பெரும்பாலும் அவர்களும் இதே ஏ.பி.சி.யைத்தான் போடுகிறார்கள். எனக்குப் பிடிக்காதது கடைசியில் பூசும் பாலிஷ். டெலிவரி எடுக்கும்போது எல்லாம் மினுங்கும், எந்தக் கறை போயிற்று, எது பாலிஷுக்கு அடியில் ஒளிந்திருக்கிறது என்றே தெரியாது. எண்ணெய்ப் பசையான அந்தப் பூச்சில் தூசி வேகமாகப் படியும். கொடுப்பதாக இருந்தால் "பாலிஷ் வேண்டாம், கிளீனிங் மட்டும் போதும் அண்ணே" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். கால் மேட் தேய்த்த பிரஷ் டோர் பேட்டுக்கு வராமலும் பார்த்துக்கொள்ளுங்கள், அதில் மணல் இருக்கும். நீராவி அடிக்கும் கடைகளும் இருக்கின்றன. நான் பார்த்தது கொஞ்சம்தான், கெட்டிப் பிளாஸ்டிக்கில் நன்றாகவே வேலை செய்தது. துணி ஒட்டிய இடத்தில் சூடு பட்டால் பசை இளகலாம் என்பதால் அங்கே வேண்டாம் என்பேன்.

வீட்டு வைத்தியங்களில் பாத்திரம் கழுவும் லிக்விட் இரண்டு சொட்டு தண்ணீரில் கலந்தால் எண்ணெய்ப் பிசுக்குக்குப் போதும். டூத்பேஸ்ட்டும் தேய்த்து அரைக்கிற சாதிதான், போதாததற்குப் பள்ளத்தில் வெள்ளையாகத் தங்கிவிடும். நெயில் பாலிஷ் ரிமூவர் கூடவே கூடாது. அதில் உள்ள அசிட்டோன் பெயின்ட் அடித்த பாகத்தையும் ஏ.பி.எஸ். என்ற வகைப் பிளாஸ்டிக்கையும் கரைத்துவிடும்.

டோர் பேட்டின் நடுவில் துணி வைத்த வண்டி என்றால் ஈரம் குறைவாக இருக்கட்டும். கறையை மட்டும் துடைத்தால் சுற்றிலும் தண்ணீர் வளையம் நிற்கும். தையலிலிருந்து தையல் வரை மொத்தத் துணியையும் ஒரே சீராக ஒற்றி எடுக்க வேண்டும். ரெக்சினில் எனக்கு அனுபவம் குறைவு, அங்கே கிளீனரை இன்னும் நீர்க்க வைத்துக்கொள்வேன்.

கைப்பிடியில் விரல் அடையாளமாகப் பதிந்து, தொட்டால் பிசின் மாதிரி இருக்கும் இடம் கறையாகவே இல்லாமல் இருக்கலாம். டீட் (DEET) என்ற ரசாயனம் கலந்த கொசு விரட்டிக் கிரீம் தடவிய கையோடு கதவைப் பிடித்தால் சில வகைப் பிளாஸ்டிக்கும் பூச்சும் இளகிவிடும். இந்த மூன்று வழிகளில் எதுவும் அதற்கு உதவாது.