சவர சோப்பா, கிரீமா? நான்கு வருஷம் இரண்டையும் போட்டுப் பார்த்த அனுபவம்

என் தாடி கம்பி மாதிரி. கழுத்தில் அது சுருண்டு வேறு வளரும். கேன் நுரையைப் பூசி, பல பிளேடு வைத்த ரேசரால் அழுத்தி வழித்த காலம் முழுக்கக் கழுத்தில் சிவப்புச் சிவப்பாகப் பரு. வெட்டிய முடி தோலுக்குள்ளேயே திரும்பி வளரும். வியர்வை பட்டால் எரியும். நான் வேலை பார்ப்பது செம்பனை எண்ணெய் ஆலையில். வியர்க்காத நாளே கிடையாது. 2021-இல் ஒற்றை பிளேடு சேஃப்டி ரேசருக்கு மாறினேன். மெர்க்கூர் 34சி ரேசர், அஸ்ட்ரா பிளேடு. அன்றிலிருந்து இந்த இரண்டையும் மாற்றவில்லை. திரும்பத் திரும்ப மாற்றியது சோப்பையும் கிரீமையும்தான்.

முதலில் வாங்கியது கிரீம். அதுதான் எளிது என்றார்கள், உண்மைதான். புளியங்கொட்டை அளவு பிதுக்கி, நனைத்த பிரஷ்ஷைக் கன்னத்தில் சுழற்றினால் அரை நிமிஷத்தில் நுரை. காலை 7 மணி ஷிப்டுக்கு ஓடுகிறவனுக்கு அது பெரிய உதவி. அதிக நாள் என்னோடு இருந்தது ப்ரொராசோவின் பச்சை டியூப். இத்தாலியில் ஃப்ளோரன்ஸ் நகரத்துச் சரக்கு, 1948-லிருந்து வருகிறது. யூகலிப்டசும் மெந்தாலும் சேர்ந்தது. மலேசியாவில் எங்கள் ஊரான சுங்கை சிப்புட் புழுக்கத்தில், விடிவதற்கு முன்னாலேயே பனியன் நனைந்துவிடும் நாள்களில், அந்தக் குளிர்ச்சி அவ்வளவு இதமாக இருக்கும்.

அப்புறம் கட்டி சோப்பின் மேல் ஆசை வந்தது. ஒன்றை வரவழைத்தேன். நுரை என்னவோ மலை மாதிரி வந்தது. ஆனால் ஒரு கன்னத்தை வழித்து முடிப்பதற்குள் மறு கன்னத்தில் இருந்தது காய்ந்து, சுவரில் அடித்த சுண்ணாம்பு போல ஒட்டிக்கொண்டது. பிளேடு வழுக்கவில்லை, பிடித்து இழுத்தது. தாடைக்குக் கீழே இரண்டு இடத்தில் வெட்டு. படிகாரத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டுதான் அன்று வேலைக்குப் போனேன். மூன்று வாரம் பார்த்துவிட்டு, சோப்பு நமக்கு ஆகாது என்று முடிவுகட்டி அலமாரியில் போட்டேன். எட்டு மாதம் அது அங்கேயே கிடந்தது.

திரும்ப எடுக்க வைத்தவர் அப்பா. அவர் பால்மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரத்தைச் சீவிப் பால் எடுத்தவர். லயத்து வீட்டு அஞ்சடியில், அதாவது முன்பக்கத் தாழ்வாரத்தில், ஆணியடித்து மாட்டிய கண்ணாடிக்கு முன்னால் உட்கார்ந்து, ரப்பர் பால் பிடிக்கிற பழைய மங்கு ஒன்றில் சோப்பை வைத்துக்கொண்டு, ஞாயிறும் புதனும் சவரம் செய்வார். அந்த மங்கு இன்னும் வீட்டில் இருக்கிறது, விளிம்பில் சின்னதாக ஒரு உடைவோடு. ஒருநாள் நான் சோப்போடு பட்ட பாட்டை அவரிடம் சொன்னேன். எடுத்து வந்து போட்டுக்காட்டு என்றார். ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, "தண்ணி பத்தலடா" என்றார். பிரஷ்ஷை வாங்கி, நுனியை மட்டும் தண்ணீரில் தொட்டு, என் கன்னத்திலேயே சுழற்றினார். மறுபடி நுனி நனைத்தல், மறுபடி சுழற்றல். இப்படி நாலைந்து தடவை.

நுரை மாறியதை அன்று கண்ணாடியில் கிட்டே வைத்துப் பார்த்தேன். முதலில் துணி ஊற வைத்த வாளியில் மிதப்பதைப் போலப் பெரிய பெரிய குமிழி. பிறகு குமிழி சுருங்கி வெள்ளை மாவு போல, பளபளப்பே இல்லாமல். நான் இத்தனை நாள் நிறுத்திக்கொண்டது இந்த இடத்தில்தான். அதற்கு மேலும் தண்ணீர் போகப் போக, கட்டித் தயிரின் மேல் ஆடை மின்னுவதைப் போல ஒரு மினுமினுப்பு வந்தது. இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்த்தால் வழுக்கியது. அன்றைக்கு என் கழுத்தில் பிளேடு போன சத்தம்கூட வேறு மாதிரி இருந்தது.

இதை இவ்வளவு நீளமாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. சோப்பை ஒதுக்கியவர்கள் பலர் இந்தத் தண்ணீர் விஷயத்தில்தான் ஒதுக்கியிருப்பார்கள் என்று நான் உறுதியாக நம்புகிறேன். கிரீம் டியூபின் பின்பக்கம் பாருங்கள், பெரும்பாலும் முதல் பொருளே தண்ணீராக இருக்கும். பாதி வேலையை அவர்களே செய்து கொடுத்துவிடுகிறார்கள். கட்டி சோப்பில் தண்ணீர் மிகக் குறைவு, அத்தனையையும் நாம்தான் ஊட்ட வேண்டும். இப்போது நான் குளிக்கப் போகும்போதே சோப்பின் மேல் ஒரு கரண்டி வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி வைத்துவிடுகிறேன். குளித்து வந்து அதை வடித்துவிட்டு, பிரஷ்ஷை முப்பது நாற்பது சுற்று சுற்றுவேன். அதன் பிறகு அப்பா காட்டிய முறை.

ஆலையில் எனக்கு லேப் வேலை. எண்ணெயில் கொழுப்பு அமிலம் எவ்வளவு என்று பார்க்க, காஸ்டிக் சோடா கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு, இளஞ்சிவப்பு நிறம் வந்து நிற்கும் இடத்தைக் குறித்துக்கொள்வோம். அந்தக் குடுவைக்குள் ஒவ்வொரு தடவையும் துளி சோப்பு உருவாகிறது. காஸ்டிக் சோடா கொழுப்போடு சேர்ந்தால் கட்டியான சோப்பு, காஸ்டிக் பொட்டாஷ் சேர்ந்தால் இளக்கமான சோப்பு. குளியல் சோப்பு முதல் வகை. சவர கிரீமில் பெரும்பாலும் இரண்டாவது. கட்டி சவர சோப்பில் இரண்டும் கலந்திருக்கும், அதனால்தான் கட்டியாக இருந்தும் பிரஷ்ஷுக்கு இளகிக் கொடுக்கிறது. நுரைக்கும் கொழுப்புதான் காரணம். ஸ்டியரிக், பால்மிட்டிக் அமிலங்கள் கலையாத, அடர்ந்த நுரை தரும். லாரிக் அமிலம் சட்டென்று பொங்கும் நுரை தரும். செம்பனைப் பழத்தின் சதையில் வரும் எண்ணெயில் பால்மிட்டிக் அதிகம், கொட்டைப் பருப்பு எண்ணெயில் லாரிக் அதிகம். லாரியில் வந்து இறங்கும் குலையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வரும். என் முகத்து நுரையின் இரண்டு பாதியும் ஒரே பழத்துக்குள் இருக்கிறது.

லேபிளைப் படிக்கச் சொல்வதற்கு இன்னொரு காரணம் வீட்டுக்குள்ளே இருந்தது. அப்பா மாட்டிறைச்சி தொடாதவர். டாலோவேட் என்று போட்டிருந்தால் அது விலங்குக் கொழுப்பு, பெரும்பாலும் மாடு. பால்மேட் என்றால் செம்பனை எண்ணெய், கோக்கோவேட் என்றால் தேங்காய் எண்ணெய். ஸ்டியரிக் அமிலம் என்று மட்டும் இருந்தால் விலங்கு, தாவரம் இரண்டில் எதிலிருந்தும் வந்திருக்கலாம், தயாரிப்பாளரைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். விலங்குக் கொழுப்பு சோப்பு தோலுக்கு நல்லது என்று பலர் புகழ்வார்கள். நான் வாங்குவதில்லை. அதனால் எதையும் இழந்ததாகத் தோன்றவில்லை.

தண்ணீரின் தரத்தையும் பார்க்க வேண்டும். சித்தப்பா வீடு ஈப்போ பக்கம், சுண்ணாம்புக் குன்றின் அடிவாரத்தில். கிணற்றுத் தண்ணீர், கெட்டிலுக்குள் வெள்ளையாகப் படிந்திருக்கும். அங்கே தங்கிய நாளில் என்ன சுற்றியும் சோப்பு நுரைக்கவில்லை, கிண்ணத்தின் ஓரத்தில் தயிர் திரிந்ததைப் போலத் திப்பி திப்பியாக ஒதுங்கியது. அந்தத் தண்ணீரில் இருக்கும் கால்சியம் சோப்பைப் பிடித்துக்கொள்கிறது. கொதிக்க வைத்து, ஆறி, தெளிந்ததும் மேலாக எடுத்துப் பார்த்தேன், ஓரளவு சரியானது. கிரீம் அங்கே கொஞ்சம் தாக்குப்பிடித்தது. எங்கள் வீட்டில் குழாய்த் தண்ணீரே போதும். மழைத் தண்ணீர் கிடைத்தால் இன்னும் நல்லது.

செலவைப் பார்த்தால் சோப்புதான். ஒவ்வொன்றின் அடியிலும் டேப் ஒட்டித் தொடங்கிய தேதியை எழுதி வைப்பேன். வாரத்துக்கு ஐந்து சவரம். 150 மில்லி கிரீம் டியூப் ஏழு மாதத்தைத் தாண்டியதில்லை. நன்றாக இறுகிய 100 கிராம் கட்டி ஒன்று பதினொரு மாதம் வந்தது.

நம் ஊர் ஈரத்துக்கு ஒரு எச்சரிக்கை. சவரம் முடிந்த கையோடு சோப்பு டப்பாவை மூடிவிடாதீர்கள், பூஞ்சை பிடிக்கும். நான் திறந்தே வைக்கிறேன். பல்லி விழாமல் இருக்கத் தேநீர் வடிகட்டியை மேலே கவிழ்த்துவிடுவேன். பிரஷ்ஷும் அப்படித்தான். விலங்கு முடி பிரஷ் எங்கள் குளியலறையில் மறுநாள் காலைவரை காயவே இல்லை. செயற்கை முடி பிரஷ் மாலைக்குள் காய்ந்துவிடுகிறது.

இப்போது காலை ஷிப்டுக்குக்கூட நான் எடுப்பது சோப்புதான். கை பழகிய பிறகு கிரீமைவிட இரண்டு நிமிஷம்தான் கூடுதல். வழித்த இடத்தில் மறுபடி கத்தி போனாலும் வழுக்கல் குறைவதில்லை. கழுத்துப் பருவும் போய்விட்டது. பயணத்துக்கும், தூங்கி எழ நேரமான நாளுக்கும் ஒரு கிரீம் டியூப் பையில் இருக்கிறது. புதிதாகத் தொடங்குகிறவர்கள் முதல் டியூப் முடியும்வரை கிரீமே போடலாம், ரேசர் பிடிக்கும் கோணத்தை முதலில் கை கற்றுக்கொள்ளட்டும்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அப்பாவுக்கு வாதம் வந்து வலது கை பலமிழந்தது. அன்றிலிருந்து ஞாயிறும் புதனும் அவருக்கு நான்தான் சவரம் செய்கிறேன். மெந்தால் சேர்ந்தது எதுவும் அவர் கண்ணுக்கு ஆகவில்லை, நீர் வழிந்தது. வாசனை குறைந்த ஒரு கட்டி சோப்பைத் துருவி, அவருடைய மங்கிலேயே அழுத்தி வைத்திருக்கிறேன். முதிய தோல், தொட்டால் மடிகிறது. இடது கையால் இழுத்துப் பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் போக முடியும், இருபது நிமிஷம் ஆகும். அவ்வளவு நேரமும் சோப்பு நுரை காயாமல் நிற்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை முடித்துத் துண்டால் ஒற்றியதும், இடது கையைத் தூக்கிக் காதுக்குக் கீழே தடவிப் பார்த்தார். "இங்க இன்னும் கொஞ்சம் இருக்கு" என்றார். மங்கில் நுரை மிச்சம் இருந்தது. பிரஷ் நுனியைத் தண்ணீரில் தொட்டு, அந்த இடத்தில் மறுபடி சுழற்றினேன்.