நண்பர்களோடு நடப்பதற்கு ஒரு தகட்டுத் திசைகாட்டி

ஒளி ஊடுருவும் தகட்டின்மேல் பாகைகள் பொறித்த சுழல் வளையமும், அதனுள் திரவத்தில் அமைந்த காந்த ஊசியும் கொண்ட இந்தத் திசைகாட்டி 1930களில் ஸ்வீடனில் உருவாகி, இன்றுவரை அடிப்படையில் மாறாமல் இருக்கிறது. கைப்பேசியிலேயே வரைபடம் இருக்கும்போது இதை வாங்க வேண்டுமா என்று கேட்டால், தனியாக நடப்பவருக்கு அவ்வளவு அவசியமில்லை என்பேன். நண்பர்கள் சிலரோடு அருகிலுள்ள குன்றையோ காட்டையோ ஒரு பிற்பகலில் சுற்றிவர விரும்புபவர் தயங்காமல் வாங்கலாம்.

கைப்பேசியை ஒருவர் பிடித்துக்கொண்டால் மற்றவர்கள் அவர் பின்னால் நடப்பதோடு சரி; நிற்கும் இடத்தைத் திரையே சொல்லிவிடுவதால் விவாதிக்க எதுவும் மிஞ்சுவதில்லை. திசைகாட்டியோ ஆளுக்கொரு வேலை தருகிறது. அடையாளம் ஏதுமில்லாத மரக்கூட்டத்துக்குள் ஒருவரை முன்னே அனுப்பி, கருவி வைத்திருப்பவர் "இடப்பக்கம், இன்னும் கொஞ்சம்" என்று குரல் கொடுத்து அவரைச் செல்ல வேண்டிய திசைக்கோட்டில் நிறுத்தி, பிறகு எல்லாரும் அவர் நிற்கும் இடத்துக்குச் சென்று அங்கிருந்து மறுபடி தொடங்குவது பழைய உத்தி. இன்னொருவர் வரைபடத்தைப் பார்க்க, மற்றொருவர் காலடிகளை எண்ணித் தூரத்தைக் கணிக்கலாம். எண்ணுபவரிடம் பேச்சுக் கொடுக்காதிருப்பதுதான் இதில் மிகக் கடினமான பகுதி.

பழகுவது எளிது. நிற்கும் இடத்தையும் சேர வேண்டிய இடத்தையும் இணைக்குமாறு தகட்டின் நீள்விளிம்பை வரைபடத்தில் வைத்து, வளையத்தின் அடியிலுள்ள அம்பு வரைபடத்தின் வடக்கைப் பார்க்கும்வரை வளையத்தைத் திருப்ப வேண்டும். பிறகு கருவியை மட்டமாகப் பிடித்து, ஊசியின் வடமுனை அந்த அம்போடு பொருந்தும்வரை உடலோடு திரும்பினால், தகட்டின் முன்னம்பு காட்டுவதே வழி. ஊசி காட்டும் காந்த வடக்கும், புவியின் வடமுனை இருக்கும் உண்மை வடக்கும் ஒன்றல்ல. அந்த வேறுபாடு அதிகமுள்ள பகுதிகளில் திருத்தி வைத்துக்கொள்ளும் வசதியுள்ள வகையே நல்லது. 1 பாகை பிசகினால் 1 கிலோமீட்டரில் ஏறத்தாழ 17 மீட்டரும், 5 பாகை பிசகினால் 87 மீட்டரும் விலகிவிடுவோம். அதனால் ஓடைக்கரையில் உள்ள ஓர் இடத்தைத் தேடும்போது வேண்டுமென்றே ஒரு பக்கம் தள்ளிக் குறிவைப்பார்கள். ஓடையை அடைந்ததும் எப்பக்கம் திரும்புவது என்ற ஐயம் எழாது.

குறைகளும் உண்டு. கைப்பேசியையோ காந்த மூடியுள்ள உறையையோ ஒட்டி வைத்தால் ஊசி தவறாகக் காட்டும். நீண்ட நாள் அப்படியே கிடந்தால் முனைகளே இடம் மாறி, சிவப்பு முனை தெற்கைக் காட்டும் நிலையும் வரலாம். குளிரிலும் உயரத்திலும் திரவத்தில் தோன்றும் சிறு குமிழால் தீங்கில்லை, ஆனால் ஊசியைத் தடுக்கும் அளவுக்குப் பெரிய குமிழ் இருந்தால் வாங்க வேண்டாம். திரவமே இல்லாத மலிவான பொம்மை வகைகளில் ஊசி ஆடிக்கொண்டே இருக்கும், அவற்றைத் தவிர்த்துவிடுங்கள்.

முகம்பார்க்கும் கண்ணாடி பொருத்திய விலையுயர்ந்த வகை இத்தகைய நடைகளுக்குத் தேவையில்லை. அந்தப் பணத்துக்குச் சாதாரணத் திசைகாட்டி இன்னொன்று வாங்கினால், குழுவை இரண்டாகப் பிரித்து ஒரே இலக்கை வெவ்வேறு வழிகளில் சென்றடையப் போட்டியிடலாம்.