ராஜவம்சம் வேண்டாம், படகுக் கட்டணம் போதும்

நாலைந்து பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு கேரக்டராகப் பகடை உருட்டிக் கதை ஆடும் ரோல்-பிளேயிங் கேமில், கதையை நடத்துகிறவர்தான் கேம் மாஸ்டர். முதல் முறையாக அப்படி உட்காரப்போகும் நண்பன் ஒருவன் கேட்டான்: "நீ வைத்திருக்கிற அந்த ஃபேண்டஸி கேம் புத்தகம் விலை இறங்கியிருக்கிறதே, வாங்கலாமா?" இரண்டு வரியில் பதில் போட உட்கார்ந்தேன். முடியவில்லை.

விலை இறங்கியதற்குக் காரணம் புதிய பதிப்பு. ஒரே தொகுதியாக இருந்ததை விதிகளுக்கு ஒன்று, கதை நடக்கும் கற்பனை உலகத்துக்கு ஒன்று என்று பிரித்துவிட்டார்கள். பழையதைக் கழித்துக்கட்டுகிறார்கள். புத்தகத்தின் பெயரை இங்கே சொல்லப்போவதில்லை, என்னோடு ஆடியவர்களுக்கு அது தெரியும். அட்டை உறுதி, தையல் உறுதி, ஓவியங்கள் அழகு, எடை அதிகம். இதைப் பற்றி அவ்வளவுதான்.

என் கோபம் ஒரே ஒரு விஷயத்தின் மேல். இந்தப் புத்தகம் விதிகளைக் கதைக்குள் ஒளித்துவைக்கிறது. வடக்கு ராஜ்ஜியத்தின் வரலாறு என்று நீண்ட அத்தியாயம் ஒன்று உண்டு. யார் யாருக்குப் பிறந்தார், யார் யாரைக் கொன்றார் என்று போய்க்கொண்டே இருக்கும். அதன் நடுவில், ஈமச் சடங்குகளைச் சொல்லும் ஒரு பத்தியில், நிலவில்லாத இரவில் அந்த மண்ணில் எந்தக் காயமும் ஆறாது என்று ஒரு வாக்கியம் வரும். வெறும் வர்ணனை என்று நினைத்துத் தாண்டிவிடுவோம். இல்லை, அது விதி! பல பக்கங்கள் கழித்து வேறொரு அத்தியாயம் அதை விதியாகவே எடுத்துக்கொண்டு பேசுகிறது. காயம் ஆறுவதைப் பற்றிய பகுதியில் இதைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. இன்டெக்ஸிலும் இல்லை. அந்த வாக்கியத்தில் விதிக்குரிய சொல் எதுவும் வராததால் பிடிஎஃபில் தேடினாலும் சிக்காது.

இதெல்லாம் ஆட்டத்துக்கு நடுவில்தான் தெரியவரும். எங்கள் மேசையில் வரலாற்றை ரசித்துப் படிக்கிற ஒருவர் இருக்கிறார். கேரக்டர் சாகும் தருவாயில், பகடை கையில் இருக்கும்போது, "ஒரு நிமிஷம், இன்றைக்கு அமாவாசை இல்லையா?" என்று ஆரம்பிப்பார். அப்புறம் ஆட்டம் நின்றுவிடும், வழக்காடு மன்றம் தொடங்கிவிடும். இப்படிப் புதைத்து வைத்தவை இன்னும் பல. ஒவ்வொன்றும் தவறான நேரத்தில்தான் தலை நீட்டும்.

சரி, அப்படியானால் ஏன் இத்தனை காலம் வைத்திருக்கிறேன்? இதே குணத்தால்தான்.

பொருட்கள் அத்தியாயத்தில் பயணச் செலவு அட்டவணை ஒன்று இருக்கிறது. குதிரை, வண்டி, படகு எல்லாம் வழக்கமானவை. படகு வரிசையில் மட்டும் இப்படி: ஆற்றைக் கடக்க உயிருள்ளவருக்கு ஒரு செம்புக்காசு, பிணத்துக்கு இரண்டு, திரும்பி வரும் பிணத்துக்கு வாங்கக் கூடாது. விளக்கம் எதுவும் இல்லை. எங்கள் ஆட்கள் அதைப் பார்த்ததும் மற்றதையெல்லாம் விட்டுவிட்டார்கள். பிணம் ஏன் திரும்பி வருகிறது? வாங்கினால் என்ன ஆகும்? வாங்கிய படகோட்டி எங்கே? ஒரு முழு கேம்பெயின், அதாவது பல மாலைகள் தொடர்ந்த ஒரே கதை, அந்த ஒரு வரியிலிருந்து ஓடியது. ராஜவம்சப் பக்கங்கள் அத்தனையிலிருந்தும் ஒரு செஷனுக்குக்கூட ஒன்றும் தேறவில்லை.

விதிக்கு எத்தனை பக்கம், உலகத்துக்கு எத்தனை பக்கம் என்று எண்ணிப் பார்த்து "சமநிலை இல்லை" என்று மதிப்புரை எழுதுகிறவர்கள் மேல் எனக்கு எரிச்சல் வருவது இதனால்தான். இந்த வகை ஆட்டங்களுக்கெல்லாம் முன்னோடி, 1974இல் வந்த முதல் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், மூன்று சிறு புத்தகங்கள். அதில் உலகம் என்று தனியாக எதையும் வர்ணிக்கவில்லை. காட்டில் அலைவதற்கு வேறொரு நிறுவனத்தின் பலகை விளையாட்டை வாங்கி அதன் வரைபடத்தைப் பயன்படுத்தச் சொன்னார்கள். ஆனால் அந்தப் பழைய ஆட்டத்தில், மீட்டு வரும் புதையலில் ஒரு பொற்காசுக்கு ஒரு அனுபவப் புள்ளி என்று ஒரு விதி இருந்தது, அந்தப் புள்ளிகள் சேர்ந்தால்தான் கேரக்டர் வளரும். அது ஒன்றே போதும். சண்டை போடாமல் புதையலைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவன்தான் அங்கே புத்திசாலி. எப்படிப்பட்ட உலகம் என்று பகடை உருட்டுகிறவனுக்குத் தானாகப் புரிந்துவிடும். 1978இல் வந்த ரூன்குவெஸ்ட் என்ற ஆட்டம் வேறு வழியில் போனது. எந்தத் தெய்வத்தை வழிபடும் கூட்டத்தில் சேர்கிறாயோ அதைப் பொறுத்துத்தான் சில மந்திரங்கள் கிடைக்கும். மந்திரம் வேண்டுமா, அந்தத் தெய்வத்தின் கதையைத் தெரிந்துகொள். படிக்கச் சொல்லி யாரும் கெஞ்ச வேண்டியதில்லை.

விதியும் உலகமும் ஒன்றையொன்று கண்டுகொள்ளாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் வைரம். 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பு டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸில் செத்து ஒரு நிமிடத்துக்குள் இருப்பவரை எழுப்ப 300 பொற்காசு மதிப்புள்ள வைரங்கள் போதும். பத்து நாள் வரை ஆகியிருந்தால் வேறொரு மந்திரம், 500 பொற்காசு வைரம். இப்படி ஒரு உலகத்தில் அரசனைக் கொன்று ஆட்சியைப் பிடிக்க முடியுமா? வைரச் சுரங்கம் யார் கையில் இருக்கிறதோ அவரல்லவா உண்மையான அரசர்? ஆனால் கடைகளில் கிடைக்கும் பெரும்பாலான உலகப் புத்தகங்கள் கத்திக்குத்தும் வாரிசுச் சண்டையுமாகவே போகும், வைரத்தைப் பற்றி மூச்சு விடாது. இவ்வளவு மந்திரம் இருந்தால் ஊர் எப்படி மாறும் என்று யோசித்து, மின்னலில் ஓடும் ரயில் வரை போனது 2004இல் வந்த எபெரான் என்ற உலகப் புத்தகம். அதனால்தான் அதை இன்னும் பேசுகிறோம்.

என் புத்தகமும் எல்லா இடத்திலும் தேறுவதில்லை. தெற்குப் பாலைவனத்துக்குத் தனி அத்தியாயம். அங்கே தண்ணீர்தான் தங்கம் என்று பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். பொருட்கள் பட்டியலில் தண்ணீருக்கு விலையும் இல்லை, எடையும் இல்லை. தாகத்துக்கு விதி கிடையாது. கொஞ்ச நேரத்தில் பாலைவனத்தில் இருக்கிறோம் என்பதே எல்லோருக்கும் மறந்துபோகும். மஞ்சள் நிறத்தில் ஒரு காடு, அவ்வளவுதான்.

எந்தப் புத்தகத்தையும் வாங்குவதற்கு முன் வரலாற்றைப் படிக்காதே. விலைப்பட்டியல், மந்திரப் பட்டியல், வழியில் எதிர்ப்படுகிறவற்றின் அட்டவணை, இந்த மூன்றையும் பார். உலகம் அங்கே தெரிந்தால் புத்தகம் உருப்படும்.

புதிய பதிப்பை இரவல் வாங்கி ஆடிப் பார்த்தேன். மனசாட்சியோடு சொன்னால், விதித் தொகுதி அருமை. காயம் பற்றிய பக்கத்திலேயே அமாவாசை விதி ஒரு கட்டத்துக்குள் இருக்கிறது. உலகத் தொகுதிக்குப் பக்க எண்ணும் கொடுத்திருக்கிறார்கள். இன்டெக்ஸ் வேலை செய்கிறது. நான் கேட்டதெல்லாம் கிடைத்துவிட்டது. அப்புறம் பயண அட்டவணையைத் திறந்தேன்: "படகு, ஒரு நபருக்கு, ஒரு செம்புக்காசு." பிணங்கள் உலகத் தொகுதிக்குக் குடிபெயர்ந்துவிட்டன, நாட்டுப்புற நம்பிக்கைகள் என்ற தலைப்பின் கீழே, எதனால் அப்படி என்ற முழு விளக்கத்தோடு. என் ஆட்கள் பல மாலைகள் தேடிக் கண்டுபிடித்ததைவிட மட்டமான விளக்கம். அந்தத் தொகுதியை கேம் மாஸ்டர் மட்டும்தான் வாங்குவார். ஆடுகிறவர்கள் அந்த வரியைப் பார்க்கவே போவதில்லை.

இதையெல்லாம் படித்தால் பழையதைத்தான் வாங்கச் சொல்கிறேன் என்று தோன்றும். போன வாரம் கேட்டிருந்தால் அப்படித்தான் சொல்லியிருப்பேன். நேற்றைய செஷனில் ஒரு கல்யாணப் பாட்டின் மூன்றாவது அடியிலிருந்து புதிதாக ஒரு விதி கிளம்பி வந்தது. முக்கால் மணி நேரம் போயிற்று, ஒருவர் கோபித்துக்கொண்டு எழுந்தே போய்விட்டார். அதனால் இன்றைக்கு என் பதில்: புதியதை வாங்கு. விதித் தொகுதி மட்டும் போதும், உலகத் தொகுதிக்குக் காசு கொடுக்காதே. என்னுடைய பழைய புத்தகத்தை இரவல் கேட்காதே, தரமாட்டேன். படகு அட்டவணையை மட்டும் போட்டோ எடுத்து அனுப்புகிறேன்.