கெஞ்ஜி கதைக்கு எந்த ஓவியர்: குனிசாதாவா, கெக்கோவா?

பழைய ஜப்பானிய நாவலான கெஞ்ஜி கதையின் 34-ஆம் அத்தியாயத்தில் ஒரு பூனை வருகிறது. முற்றத்தில் இளைஞர்கள் பந்து உதைத்து ஆடுகிறார்கள், செர்ரிப் பூ உதிர்கிறது. மூங்கில் திரைக்குப் பின்னால் நாயகன் கெஞ்ஜியின் இளம் மனைவி, மூன்றாம் இளவரசி. பெரிய பூனை துரத்த, சின்னது மிரண்டு ஓடுகிறது. அதன் கழுத்துக் கயிறு சிக்கித் திரை தூக்கிக்கொள்ள, பந்தாடியவர்களில் ஒருவனான காஷிவாகி அவளைப் பார்த்துவிடுகிறான். அந்தப் பூனையைக் கூப்பிட்டு மார்போடு அணைத்துக்கொள்கிறான். அதன் மேல் அவள் வாசனை.

எடோ (இன்றைய டோக்கியோ) நகரத்தாருக்கு இது அத்துப்படி. ஓவியர் ஒரு கணிகையையும் கயிறு கட்டிய பூனையையும் வரைந்தாலே போதும், மூன்றாம் இளவரசி என்று புரிந்துகொள்வார்கள்.

இன்று இக்கதையை மர அச்சுப் படங்களில் பார்க்க நினைப்பவருக்கு நான் சொல்வது இரண்டு பெயர்கள்: உதாகவா குனிசாதா, ஒகாதா கெக்கோ.

குனிசாதாவின் நாயகன் முராசாகி ஷிகிபு படைத்த கெஞ்ஜியே அல்ல. 11-ஆம் நூற்றாண்டு அரண்மனைக் கதையை அஷிகாகா ஷோகன்களின் (ராணுவ ஆட்சியாளர்களின்) காலத்துக்கு நகர்த்தி, 1829-இல் ரியூதெய் தானேஹிகோ ஒரு தொடர்கதை ஆரம்பித்தார். படம் போட்டவர் குனிசாதா. நாயகன் மித்சுஉஜிக்கு நுனி பிளந்து இறால் வால் போல நிற்கும் கொண்டை. தொடர் சக்கைப்போடு போட்டது. அன்றைய ஷோகனின் அந்தப்புரத்தைத்தான் மறைமுகமாகச் சொல்கிறார் என்ற பேச்சும் பரவியது. 1842-இல், ஆடம்பரத்தை அடக்க வந்த தென்போ சீர்திருத்தக் கெடுபிடியில், தொடரை நிறுத்தினார்கள். அதே ஆண்டு தானேஹிகோவும் இறந்துபோனார். ஆனால் அந்தக் கொண்டை சாகவில்லை. கெடுபிடி தளர்ந்ததும் மித்சுஉஜி படங்கள் குவிந்தன. 1853-இல் ஹிரோஷிகே இயற்கைக் காட்சியையும் குனிசாதா ஆட்களையும் வரைந்து, மூன்று தாள் சேர்ந்த படங்கள் வந்தன. சேர்த்து வைத்தால் முக்கால் மீட்டர் அகலம்.

இவற்றை நேரில் பார்க்க வேண்டும். மை தடவாத கட்டையில் தாளை அழுத்தி எடுப்பதற்குக் கராசுரி என்று பெயர். நேர் வெளிச்சத்தில் வெறும் வெள்ளை உடையாகத் தெரியும். விளக்கைப் பக்கவாட்டில் பிடித்தால் நெசவு மேடு மேடாக எழும்பி வரும். கைப்பேசித் திரையில் இது கிடைக்கவே கிடைக்காது.

கெக்கோ (1859-1920) வேறு மாதிரி. 1892-93-இல் 54 அத்தியாயங்களுக்கும் தலைக்கு ஒன்றாகப் படம் தந்தார். இறால் கொண்டை இல்லை. தரையில் புரளும் கூந்தலும் அடுக்கு உடைகளுமாக மூலக்கதையின் ஹெய்யான் கால அரண்மனைக்கே திரும்பிவிட்டார். தூரிகை அழுந்திய இடத்தில் கோடு தடித்து, எடுத்த இடத்தில் மெலிகிறது. அதை அப்படியே மரத்தில் வெட்டிய கைகளை நினைத்தால் மலைப்பாக இருக்கிறது. வண்ணம் நீரில் கரைத்தாற்போல மெல்லியது. 51-ஆம் அத்தியாயத்தில் உகிஃபுனே, பனிக்காலத்து உஜி ஆற்றில் படகேறிப் போகிறாள், எங்கே கொண்டுபோய் விடும் என்று அவளுக்கே தெரியாமல். அந்தத் தவிப்புக்கு ஏற்றது கெக்கோவின் கைதான். குனிசாதாவின் ஜரிகைப் பளபளப்பில் அது நிற்காது.

மூன்றாவதாக எபினா மசாவோவின் 1953 தொகுப்பையும் சொல்வார்கள். அதிலும் 54 படங்கள். கதையை வரிசையாகப் பின்தொடர நல்ல துணை, ஆனால் என்னை நிறுத்திவைத்த தாள் அதில் குறைவு.

கதைக்கு உண்மையாக இருப்பவர் கெக்கோதான் என்று நானும் நெடுநாள் நினைத்திருந்தேன். 22-ஆம் அத்தியாயத்தை மறுபடி படித்தபோது அந்த எண்ணம் ஆட்டம் கண்டது. புத்தாண்டுக்கு ஒவ்வொரு பெண்ணுக்கும் ஏற்ற உடையைக் கெஞ்ஜி தேர்ந்தெடுக்கிறான். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அவன் மனைவி முராசாகி (ஆசிரியை அல்ல, கதாபாத்திரம்), எந்தத் துணி யாருக்குப் போகிறது என்பதை வைத்தே, தான் பார்த்திராத அந்தப் பெண்கள் எப்படி இருப்பார்கள் என்று மனதுக்குள் கணக்குப் போடுகிறாள். துணியே ஆளைச் சொல்லிவிடுகிற உலகம் அது. காலத்தை மாற்றி, பெயரை மாற்றி, கொண்டையையும் மாற்றிய குனிசாதா இதை மட்டும் விடவில்லை. அவர் படத்தில் கண் முதலில் உடைக்குப் போகிறது என்று குறை சொல்வார்கள். முராசாகியின் கண்ணும் அங்கேதான் போனது.

ஒன்றைத்தான் எடுக்கலாம் என்றால் நான் குனிசாதாவை எடுப்பேன். உகிஃபுனே அத்தியாயத்துக்கு மட்டும் கெக்கோவிடம் போவேன்.