ஹாங்சோ போகிறவர்களுக்கு: அந்த 99 யுவான் பஸ்ஸில் ஏறாதீர்கள்

சீனாவின் யிவூ சந்தைக்குச் சரக்கெடுக்கப் போகிற நம் ஆட்கள் பலர், ஒரு நாள் ஓய்வு கிடைத்தால் ஹாங்சோவுக்கு ரயில் ஏறிவிடுகிறார்கள். அதிவேக ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். மேற்கு ஏரியைப் பார்க்காமல் அந்தப் பக்கம் போய் வருவது நியாயமும் இல்லை. ஆனால் அங்கே சில ஹோட்டல்களின் வரவேற்பறையில் ‘மேற்கு ஏரி ஒரு நாள் சுற்றுலா, 99 யுவான்’ என்று அட்டை வைத்திருப்பார்கள். படகு, லிங்யின் கோயில், தேயிலைக் கிராமம், மதியச் சாப்பாடு எல்லாம் அடக்கம். அதைத் தொடாதீர்கள்.

99 யுவான் நம் பணத்தில் ஆயிரத்துச் சொச்சம் ரூபாய். ஏசி பஸ்ஸும் ஆங்கிலம் பேசும் வழிகாட்டியும் சாப்பாடும் இந்தக் காசுக்குக் கட்டுபடியாகாது. மிச்சத்தைக் கடைக்காரர்கள் தருகிறார்கள், கமிஷனாக. இதில் கூத்து என்னவென்றால், ஏரியைப் பார்க்கக் காசே வேண்டாம். கரையோரப் பூங்காக்களுக்கு 2002-லேயே நுழைவுக் கட்டணத்தை எடுத்துவிட்டார்கள். இலவசமாகக் கிடக்கிற ஏரியைக் காட்டி நம்மைக் கடைக்கு ஓட்டிப் போகிறார்கள்.

ஏப்ரலில் குவாங்சோ கண்காட்சி முடிந்து யிவூவில் வேலை இருந்தது. மனைவியும் கூட வந்திருந்தாள். ஹாங்சோவில் தங்கிய ஹோட்டலிலேயே அந்தச் சுற்றுலாவுக்குப் பணம் கட்டினோம். காலை எட்டு மணிக்குப் பஸ் வந்தது. ஏரியில் படகு என்று போட்டிருந்தது அல்லவா, ஏற்றினார்கள், ஒரு சுற்றுச் சுற்றினார்கள், இறக்கிவிட்டார்கள். ஒரு யுவான் நோட்டின் பின்பக்கத்தில் மூன்று சிறு கல் கோபுரங்கள் தண்ணீரில் நிற்குமே, அவை இருக்கும் தீவில் படகு நிற்கவே இல்லை. கேட்டால், ‘அதற்கு வேறு டிக்கெட்’ என்றார் வழிகாட்டி. லெய்ஃபெங் கோபுரத்தைப் பஸ் ஜன்னல் வழியே காட்டினார். 975-ல் கட்டி 1924-ல் இடிந்து விழுந்தது, இப்போது நிற்பது 2002-ல் திறந்தது. தாயத்து மாதிரி ராசி என்று ஊரார் அடிச்செங்கலை உருவிக்கொண்டு போனதே இடிந்ததற்கு ஒரு காரணமாம். இவ்வளவும் நானாகப் படித்துத் தெரிந்துகொண்டது. வழிகாட்டி சொன்னது ‘இடது பக்கம் கோபுரம், போட்டோ எடுங்கள்’ என்பது மட்டும்தான்.

எனக்கு அதிக வருத்தம் லிங்யின் கோயில் விஷயத்தில். நான்காம் நூற்றாண்டில் இந்தியாவிலிருந்து வந்த ஹுயிலி என்ற துறவி தொடங்கிய கோயில் அது. எதிரே இருக்கிற குன்றைப் பார்த்து, ‘இது எங்கள் இந்தியாவில் இருக்கிற கழுகுக் குன்று ஆயிற்றே, எப்படி இங்கே பறந்து வந்தது?’ என்று அவர் கேட்டதாகக் கதை. பாறை முழுக்கப் புத்தர் சிலைகள். அதைப் பார்க்கத்தான் நான் பஸ்ஸில் ஏறியதே. ‘இன்று கூட்டம், உள்ளே விடமாட்டார்கள்’ என்று வழிகாட்டி வழியிலேயே கைகழுவிவிட்டார்.

மிச்சப்பட்ட நேரமெல்லாம் தேயிலைக் கடைக்குப் போனது. கிராமம் என்றார்கள். சுற்றிலும் மலைச்சரிவில் நிஜமான தேயிலைத் தோட்டம்தான், அழகுக்குக் குறைவில்லை. ஆனால் எங்களை நேராக ஒரு பெரிய கட்டடத்துக்குள் கொண்டுபோய், பஸ்ஸில் வந்தவர்களைப் பத்துப் பத்துப் பேராக அறைகளில் உட்கார வைத்துக் கதவைச் சாத்தினார்கள். டாக்டர் கோட்டு மாதிரி வெள்ளை அங்கி போட்ட ஒரு பெண் வந்தார். கண்ணாடித் தம்ளரில் அந்த ஊரின் பேர்போன பச்சைத் தேயிலையான லோங்ஜிங் இலை போட்டு வெந்நீர் ஊற்றிக் கொடுத்தார். நல்ல மணம். அப்புறம் ஒரு கிண்ணத்தில் அரிசி, அதன் மேல் பழுப்பு நிறத்தில் சில சொட்டுகள். அரிசி கறுத்துப் போயிற்று. ‘நீங்கள் சாப்பிடுகிற உணவில் உள்ள நச்சு இப்படித்தான் உடம்பில் படிகிறது’ என்றார். தேநீரை ஊற்றிக் கலக்கினார், அரிசி மறுபடி வெள்ளை. அறையே கை தட்டியது.

பள்ளிக்கூட ஆய்வகத்தில் மாவுச்சத்துக்கு அயோடின் சோதனை செய்த யாரும் இதில் ஏமாறத் தேவையில்லை. பழுப்புச் சொட்டு அயோடின். அரிசியிலுள்ள மாவுச்சத்தோடு சேர்ந்து கருநீலம் ஆகிறது. தேநீரில் உள்ள வைட்டமின் சி போன்ற பொருள்கள் அயோடினை நிறமில்லாத அயோடைடாக மாற்றிவிடுகின்றன. எலுமிச்சைச் சாறு ஊற்றினாலும் இதே கதைதான். நச்சுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

விலைப் பலகையில் 380 என்று மட்டும் இருந்தது. எத்தனை கிராமுக்கு என்று ஒரு எழுத்து இல்லை. மனைவி ஒரு டப்பா கேட்டதும், அந்தப் பெண் இலையைக் கொட்டி, டப்பாவை மேசையில் தட்டித் தட்டி, ‘பாருங்கள், உங்களுக்காக அதிகமாகவே அடைக்கிறேன்’ என்று வாய்வரை நிரப்பி மூடினார். பிறகு கால்குலேட்டரை நீட்டினார்: 1,900 யுவான். 380 என்பது 50 கிராமுக்கு, டப்பாவில் 250 கிராம் பிடிக்கிறது. அங்கே தேயிலையை 500 கிராம் கொண்ட ஜின் கணக்கிலும் சொல்வார்கள், 50 கிராம் கொண்ட லியாங் கணக்கிலும் சொல்வார்கள். எந்தக் கணக்கு என்பதை மூடி போட்ட பிறகுதான் வெளியே விடுகிறார்கள்.

“என்னங்க, வேண்டாம், எழுந்திருங்க” என்றாள் மனைவி. எழுந்தோம். உடனே இரண்டு டப்பா 1,900 என்றார்கள். ஒரே நொடியில் பாதி விலை! ஏப்ரல் 5 வாக்கில் வரும் சிங்மிங் என்ற சீனப் பண்டிகை நாளுக்கு முன் பறித்த முதல் கொழுந்து, இதைவிட மலிவாக எங்கும் கிடைக்காது என்று சத்தியம் வேறு. அறையில் யாராவது பாக்கி இருக்கும்வரை பஸ் கிளம்பாது என்று வழிகாட்டி கதவருகே நின்றுகொண்டார். உடன் வந்தவர்கள் எங்களையே பார்க்கிறார்கள். பணம் கட்டித்தான் வெளியே வந்தோம். கிடைத்தது கையால் எழுதிய ஒரு துண்டுச்சீட்டு. அடுத்து ஒரு பட்டுக் கடை. அங்கேயும் ஒன்றரை மணி நேரம். அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, நாங்கள் வாங்கவில்லை.

மறுநாள் நாங்களே மெட்ரோவில் லோங்சியாங்சியாவ் நிலையத்தில் இறங்கி ஏரிக்கு நடந்தோம். சூ கரைப்பாதை முழுக்க நடந்தோம். 1089-ல் இந்த ஊருக்கு அதிகாரியாக வந்த கவிஞர் சூ ஷி, ஏரியைத் தூர்வாரி அந்தச் சேற்றைக் கொண்டே போட்ட பாதை அது. கிட்டத்தட்ட 2.8 கிலோமீட்டர், ஆறு பாலங்கள், இருபுறமும் வில்லோவும் பீச் மரங்களும். அந்தத் தீவுக்கும் படகுத்துறையிலேயே டிக்கெட் வாங்கிப் போனோம். துறையில் விலைப் பலகை உண்டு. துடுப்புப் படகுக்குக் கட்டணம் முழுப் படகுக்கும் சேர்த்துத்தான். பாதையில் வந்து தலைக்கு இவ்வளவு என்று கூப்பிடுகிறவரோடு போகாதீர்கள்.

யிவூவில் எங்கள் ஏஜென்ட் அம்மாவிடம் ஒரு டப்பாவைத் திறந்து காட்டினேன். வாயில் வைத்ததுமே சிரித்துவிட்டார். அசல் மேற்கு ஏரி லோங்ஜிங் என்றால் டப்பாவில் ஸ்கேன் செய்து பார்க்கிற முத்திரை ஒட்டியிருக்க வேண்டும். இதில் இல்லை. லோங்ஜிங் என்ற பேரில், ஹாங்சோ இருக்கிற செஜியாங் மாகாணத்தின் மற்ற பகுதிகளிலும் தேயிலை விளைகிறது. அது போலியல்ல, ஆனால் விலை மிகக் குறைவு. ருசியைப் பார்த்தால் இது அந்த வகைதான் என்றார்.

அவர்தான் சுற்றுலா ஏஜென்சிக்குப் போன் போட்டார். ‘கடைக்காரரிடம் கேளுங்கள்’ என்றார்கள். 2013 அக்டோபரிலிருந்து சீனாவில் சுற்றுலாச் சட்டம் இருக்கிறது. அநியாயத்துக்கு மலிவான விலை சொல்லி ஆள் சேர்த்து, கடையில் கமிஷன் வாங்குவதை அதன் 35-ஆவது பிரிவு தடை செய்கிறது. பயணம் முடிந்து 30 நாளுக்குள் கேட்டால், ஏஜென்சியே பொருளைத் திரும்ப அனுப்ப ஏற்பாடு செய்து பணத்தை முன்கூட்டித் தர வேண்டும். அந்த அம்மா பிரிவு எண்ணைச் சொல்லி, நுகர்வோர் புகார் எண்ணான 12315-க்கு அடுத்த போன் என்றதும் எதிர்முனையில் குரல் இறங்கிவிட்டது.

துண்டுச்சீட்டை வைத்து ஆதாரம் காட்டுவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. அலிபே என்ற செல்போன் செயலியில் பணம் கட்டிய பதிவு இருந்ததால் தப்பித்தோம். எதை வாங்கினாலும் ஃபாபியாவ் என்கிற வரி ரசீதைக் கேளுங்கள், ரொக்கம் கொடுக்காதீர்கள், அட்டையில் போட்ட பயண நிரலையும் கடையின் விலைப் பலகையையும் போட்டோ எடுத்து வையுங்கள்.

திறக்காத டப்பாவுக்கு 950 யுவான் திரும்ப வந்தது. திறந்ததற்குத் தர மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். அது இப்போது ஊரில் எங்கள் கடையில் இருக்கிறது, வருகிறவர்களுக்குப் போட்டுக் கொடுக்கிறோம்.