ரெசிடென்சி நேர்காணலுக்கு மாதிரிப் பயிற்சி: ஒரு கட்டணச் சேவை குறித்த மதிப்பீடு

அமெரிக்காவில் ரெசிடென்சி எனப்படும் முதுநிலை மருத்துவப் பயிற்சி இடத்துக்கு விண்ணப்பிக்கும் வெளிநாட்டு மருத்துவப் பட்டதாரிகளை நம்பி இன்று ஒரு தனித் தொழிலே நடந்துவருகிறது. தேர்வுப் பயிற்சி, பர்சனல் ஸ்டேட்மென்ட் (விண்ணப்பத்தோடு தரும் தன்விளக்கக் கட்டுரை) திருத்தம், ஆப்சர்வர்ஷிப் (மருத்துவமனையில் உடனிருந்து பார்த்துக் கற்பது) ஏற்பாடு என்று நீளும் அந்தப் பட்டியலில் கடைசியாக வருவது மாதிரி நேர்காணல். இன்டர்னல் மெடிசின் என்ற பொது மருத்துவத் துறைக்கு விண்ணப்பித்தபோது இத்தகைய இணையவழிச் சேவை ஒன்றின் முழுத் தொகுப்பை வாங்கிப் பயன்படுத்தினேன். அதன் பெயரை இங்கே குறிப்பிடவில்லை. குறை சொல்ல வேண்டிய இடங்கள் பல இருப்பது ஒரு காரணம். ஏறத்தாழ இதே வார்ப்பில் வேறு பல சேவைகளும் இயங்குவதால், பெயரைவிட உள்ளே என்ன விற்கிறார்கள் என்பதே வாங்குபவருக்கு உதவும் என்பது இன்னொரு காரணம்.

தொகுப்பில் இருந்தவை இவை: தேர்வுக் குழுவில் இருந்த அனுபவமுள்ள மூத்த மருத்துவர் ஒருவருடன் தனி அமர்வுகள், அவற்றின் காணொளிப் பதிவு, சக விண்ணப்பதாரர்களுடன் ஒரு குழு அமர்வு, மாதிரி விடைகள் அடங்கிய ஒரு கோப்பு, கேள்வி கேட்டு மதிப்பெண் போடும் ஒரு கணினிச் செயலி. கட்டணம் மலிவில்லை. ஈராஸ் என்ற இணையவழி விண்ணப்ப அமைப்பின் வழியாக விண்ணப்பிப்பதற்கே 2025-ஆம் ஆண்டுப் பருவத்தில் ஒரு துறையில் முதல் 30 புரோகிராம்களுக்கு (மருத்துவமனைகளின் பயிற்சித் திட்டங்கள்) தலா 11 டாலர், அதற்கு மேல் தலா 30 டாலர் என்று வாங்கினார்கள். நூறு புரோகிராம்களுக்கு அனுப்புபவரின் செலவு 2,430 டாலராகிறது. அந்தச் செலவுக்குப் பிறகு கையில் மிஞ்சுவதை எதில் போடுவது என்பதுதான் நம்மில் பெரும்பாலோருக்கு உள்ள கேள்வி என்பதால், தொகுப்பின் ஒவ்வொரு பகுதியையும் பிரித்தே மதிப்பிடுகிறேன்.

கொடுத்த பணத்துக்கு முழு மதிப்பும் தந்தது தனி அமர்வுதான். அதற்குக் காரணம், எனக்கு ஒதுக்கப்பட்ட மருத்துவர் என் விண்ணப்பம் முழுவதையும் முன்கூட்டியே படித்துவிட்டு வந்திருந்தார். இது சிறிய விஷயமாகத் தோன்றலாம். ஆனால் அமெரிக்க மருத்துவ உரிமத் தேர்வின் முதல் கட்டமான ஸ்டெப் 1 தேர்வு 2022 ஜனவரி 26 முதல் தேர்ச்சி, தோல்வி என்று மட்டுமே அறிவிக்கப்படும் நிலையில், விண்ணப்பத்தில் நாம் எழுதும் வரிகளின் எடை கூடியிருக்கிறது. அனுபவங்கள் பத்துக்கு மேல் போகக் கூடாது, அவற்றில் மூன்றை மட்டும் மிகப் பொருளுடையவை என்று குறித்து விளக்க வேண்டும் என்ற இன்றைய அமைப்பில், அந்த வரிகளிலிருந்தே கேள்விகள் பிறக்கின்றன. பொதுவான கேள்விப் பட்டியலை வைத்துக்கொண்டு பயிற்சி தருபவரால் இந்தக் கேள்விகளைக் கேட்கவே முடியாது.

பொழுதுபோக்குகள் என்ற இடத்தில் நான் சதுரங்கம் என்று எழுதியிருந்தேன். "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்ற வழக்கமான கேள்வியை எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தபோது, கறுப்புக் காய்களோடு ஆடினால் எந்தத் தற்காப்பை ஆடுவீர்கள் என்று அவர் தொடங்கினார். சிசிலியன் என்றதும், ஏன் என்று கேட்டார். பதிலுக்குப் பதில் கேட்டு இரண்டு மூன்று நிமிடங்கள் அதிலேயே நின்றார். பிறகு பதிவை ஓடவிட்டு, அந்தப் பகுதியையும் அதற்கு அடுத்து வந்த "இன்டர்னல் மெடிசின் ஏன்?" என்ற கேள்விக்கு நான் சொன்ன பதிலையும் அடுத்தடுத்து வைத்துக் காட்டினார். முதலாவதில் கைகள் அசைந்தன, குரல் ஏறி இறங்கியது. இரண்டாவதில் பாடம் ஒப்பிக்கும் குரல். வேறு விளக்கம் எதுவும் அவர் தரவில்லை, தேவைப்படவும் இல்லை. சதுரங்கம் பற்றிய கேள்வியில் இன்னொரு பயனும் உண்டு என்றார்: எழுதியது உண்மைதானா என்று சோதிக்க, மருத்துவத்தைவிடப் பொழுதுபோக்கே எளிய இடம்.

"எங்கள் புரோகிராம் ஏன்?" என்ற கேள்விக்கு அவர் சொன்ன வழியும் குறிப்பிடத்தக்கது. அவர்களிடம் இருக்கும் ஒன்றையும் உங்கள் விண்ணப்பத்தில் இருக்கும் ஒன்றையும் இணைத்துச் சொல்ல வேண்டும். அந்த வாக்கியத்தை வேறொரு மருத்துவமனையின் பெயரைப் போட்டுச் சொல்ல முடிந்தால் அது பதிலே இல்லை. எடுத்துக்காட்டாக, நான்கு வாரம் உள்நோயாளிப் பணி, ஒரு வாரம் வெளிநோயாளிப் பணி என்று சுழலும் நான்கு கூட்டல் ஒன்று முறை அங்கே உண்டென்றால், நீரிழிவு நோயாளிகளைத் தொடர்ச்சியாகப் பார்த்த உங்கள் அனுபவத்தோடு அதை இணைக்கலாம். அந்த ஒரு வாரத்தில் ஒரே நோயாளிகளை மீண்டும் பார்க்க இயலுமா என்று கேள்வியாகத் திருப்பிக் கேட்கவும் செய்யலாம். இறுதியில் "எங்களிடம் கேட்க ஏதாவது இருக்கிறதா?" என்று வரும்போது இணையதளத்திலேயே உள்ளதைக் கேட்டு வைப்பவர்களுக்கு இது நல்ல மாற்று.

குழு அமர்வை வாங்கும்போது நான் பெரிதாக மதிக்கவில்லை. ஆனால் தொகுப்பின் மிகப் பயனுள்ள பத்து நிமிடங்கள் அதில்தான் கிடைத்தன. கை கழுவும் நடைமுறை குறித்த ஆய்வு ஒன்றைத் தம் மூன்று முக்கிய அனுபவங்களில் ஒன்றாகக் குறித்திருந்த ஒருவரிடம், அதில் நீங்கள் என்ன செய்தீர்கள் என்று நடத்துநர் கேட்டார். எங்கள் குழு தரவு திரட்டியது, நாங்கள் சுவரொட்டிகள் ஒட்டினோம், நிலைமை முன்னேறியது என்றார் அவர். "நீங்கள்?" என்று மறுபடியும் கேட்டார். துறைத்தலைவரின் வழிகாட்டுதலில் எல்லோரும் சேர்ந்து செய்தோம் என்று பதில் வந்தது. மூன்றாம் முறையும் அதே கேள்வி. அதற்குப் பிறகுதான், இரவுப் பணியில் யாரும் கணக்கெடுக்க வராததால் தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் தாமே தாளும் பேனாவுமாக நின்று, உள்ளே போகிறவர்களை ஒவ்வொருவராகக் குறித்ததையும், மூத்த மருத்துவர் ஒருவர் கோபித்துக்கொண்டபோது அவருடைய எண்ணிக்கையையும் விடாமல் குறித்ததையும் சொன்னார். அதை முதலிலேயே ஏன் சொல்லவில்லை என்ற கேள்விக்கு அவரிடம் பதில் இல்லை. நாம் வளர்ந்த விதத்தில் தன் பெருமையைத் தானே பேசுவது அழகல்ல. மூத்தவர் பெயரை முன்னால் வைப்பதே பண்பு. ஆனால் எதிரே இருப்பவர், சூழ்நிலை, பொறுப்பு, செயல், விளைவு என்ற வரிசையில் உங்கள் பங்கைத் தேடிக் குறிப்பெடுத்துக்கொண்டிருக்கிறார். அங்கே "நாங்கள்" என்று சொன்னால் அந்தக் கட்டம் காலியாகவே இருக்கும்.

காணொளிப் பதிவுகள் இதே வகையில் உதவின. ஆம் என்பதற்கு நாம் பக்கவாட்டில் தலையசைப்பது திரையில் இல்லை என்பதுபோலத் தெரிகிறது. கேள்வி முடியும் முன்பே பதிலைத் தொடங்குகிறோம். திரையில் தெரியும் முகத்தைப் பார்த்துப் பேசுவதால், எதிரே இருப்பவருக்குக் கண் தாழ்ந்து தெரிகிறது. வெளிச்சம், பின்னணி, ஒலிவாங்கி பற்றிய அறிவுரைகள் எங்கும் கிடைப்பவையே.

இனி மாதிரி விடைக் கோப்பு. விளம்பரத்தில் இதைத்தான் முன்னால் வைத்திருக்கிறார்கள்; ஆனால் தொகுப்பிலேயே தீங்கு செய்யக்கூடிய பகுதி இதுதான். முதலாவது குறை, இது பழையது. அதே உரிமத் தேர்வில் நோயாளியைப் பார்த்துப் பேசும் திறனைச் சோதித்த ஸ்டெப் 2 சிஎஸ் தேர்வு 2021 ஜனவரியிலேயே நிறுத்தப்பட்டுவிட்டது. அதில் முதல் முயற்சியில் தவறியதை எப்படி விளக்குவது என்று இன்னும் ஒரு பக்கம் இருக்கிறது. 2020-இல் கொரோனாவால் நேர்காணல்கள் திரைக்கு மாறி, பெரும்பாலும் அங்கேயே தங்கிவிட்ட பிறகும், முந்தைய நாள் இரவு விருந்தில் எங்கே அமர்வது, எப்படிக் கைகுலுக்குவது என்பதற்கு இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். பழமையைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். விடைகள் எல்லோருக்கும் ஒன்றே என்பதுதான் பெரிய குறை. உங்கள் குறை என்ன என்று கேட்டால், எதையும் முழுமையாகச் செய்ய நினைப்பதே என் குறை என்று சொல்ல வேண்டுமாம். ஏன் எங்கள் இடம் என்றால் பலதரப்பட்ட நோயாளிகள், ஆதரவான சூழல். ஒரே பருவத்தில் நூற்றுக்கணக்கானவர்களைச் சந்திக்கும் ஒரு புரோகிராம் டைரக்டர், இந்தக் கோப்பை வாங்கிய இன்னும் சிலரையும் சந்தித்திருப்பார் என்பதை அதை எழுதியவர் எண்ணிப் பார்க்கவில்லை.

பட்டம் பெற்றபின் ஏற்பட்ட இடைவெளி குறித்த பகுதி இன்னும் மோசம். குடும்பப் பொறுப்பு, ஆராய்ச்சி, தன்னார்வப் பணி என்று மூன்று காரணங்களைத் தந்து, பொருந்துவதை எடுத்துக்கொள்ளச் சொல்கிறது. என் மருத்துவர் சொன்னது இதற்கு நேர்மாறானது: நடந்ததை இரண்டே வாக்கியங்களில் சொல்லுங்கள், இப்போது நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருப்பதற்கான சான்றை மூன்றாவதில் சொல்லுங்கள், அத்துடன் நிறுத்துங்கள். அவர்கள் கேட்காத வரை நான்காவது வாக்கியம் வேண்டாம் என்பதை அவர் திரும்பத் திரும்ப வலியுறுத்தினார்.

கோப்பின் கடைசியில், நேர்காணல் முடிந்ததும் அனுப்ப ஒரு கடித மாதிரி இருக்கிறது: "என் ரேங்க் பட்டியலில் உங்களுக்கே முதலிடம்." இதை எத்தனை இடங்களுக்கு அனுப்பலாம் என்பது குறித்து ஒரு சொல்லும் இல்லை. ஓர் இடத்துக்குமேல் அனுப்பினால் அது பொய். இரு தரப்பும் தரும் விருப்ப வரிசைகளை (ரேங்க் பட்டியல்) ஒப்பிட்டு இடங்களை ஒதுக்கும் மேட்ச் முறையை நடத்தும் என்ஆர்எம்பி அமைப்பின் விதிகளின்படி, எங்களை எந்த இடத்தில் வைப்பீர்கள் என்றோ, வேறு எங்கெல்லாம் விண்ணப்பித்தீர்கள் என்றோ புரோகிராம்கள் கேட்கக் கூடாது. நாமாக விருப்பத்தைத் தெரிவிக்கத் தடையில்லை. மேலும் 1998 முதல் பயன்பாட்டில் உள்ள கணக்கீட்டு முறை விண்ணப்பதாரரின் பட்டியலிலிருந்து தொடங்கி மேலிருந்து கீழாக முயல்வதால், எங்கே கிடைக்கும் என்று ஊகித்து வரிசையை மாற்றுவதில் எந்த ஆதாயமும் இல்லை; உண்மையான விருப்ப வரிசையே நமக்குச் சிறந்தது. அந்த முறையை வடிவமைத்தவர்களில் ஒருவரான ஆல்வின் ராத், 2012-இல் லாயிட் ஷாப்லியுடன் பொருளாதார நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர். இவ்வளவு தெளிவாக அமைந்த ஒன்றைப் பற்றி, ஏறக்குறைய இருபது பக்கம் தந்திரம் எழுத முடிந்திருக்கிறது. விதிமீறலான கேள்வி வந்தால் என்ன சொல்வது என்ற ஒரு பக்கம் அதற்குப் பதிலாக இருந்திருக்கலாம். திருமணம், குழந்தை பற்றிய கேள்விகளை எதிர்கொள்ளும் பெண் மருத்துவர்களுக்கு அது நேரடியாகப் பயன்பட்டிருக்கும்.

மதிப்பெண் போடும் செயலியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வாய்விட்டுப் பேசிப் பழக உதவும். பதிலில் "குழுப்பணி", "தலைமைப்பண்பு" போன்ற சொற்கள் வந்தால் மதிப்பெண் ஏறுகிறது. தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் தாளோடு நின்றவரின் பதிலுக்கு அது எவ்வளவு போட்டிருக்கும் என்று ஊகிப்பது கடினமல்ல.

நிர்வாகம் சராசரிக்கும் கீழ். அமெரிக்கக் கிழக்குக் கரையின் காலை 9 மணி என்பது இந்தியாவிலும் இலங்கையிலும் மாலை 6.30, நவம்பர் முதல் ஞாயிறன்று அங்கே கடிகாரத்தைப் பின்னுக்குத் திருப்பியதும் அதுவே 7.30 ஆகிவிடும். வெளிநாட்டினரை நம்பி நடக்கும் ஒரு சேவையின் நினைவூட்டல் அஞ்சல்கள் அந்த வாரத்தில் பழைய நேரத்தையே காட்டின. செப்டம்பர் இறுதியில் புரோகிராம்கள் விண்ணப்பங்களைப் பார்க்கத் தொடங்கி, அக்டோபரில் அழைப்புகள் வரத் தொடங்கியதும் நல்ல மருத்துவர்களின் நேரம் முழுவதும் நிரம்பிவிடுகிறது. ஆகவே வாங்குவதானால் ஆகஸ்டிலேயே முதல் அமர்வை முடித்துவிடுவது நல்லது. விண்ணப்பத்தைத் திருத்தவும் அப்போது வாய்ப்பிருக்கும்.

முழுத் தொகுப்பை வாங்க வேண்டாம். விண்ணப்பத்தைப் படித்துவிட்டு வரும், உங்கள் துறையையே சேர்ந்த மருத்துவருடன் தனி அமர்வுகள் இரண்டு, முடிந்தால் ஒரு குழு அமர்வு, இவை போதும். யார் பயிற்சி தருவார், எந்தத் துறை, தேர்வுக் குழுவில் எப்போது இருந்தார் என்பதைப் பணம் கட்டும் முன் எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். சொல்ல மறுத்தால் விலகிவிடலாம். ஏற்கெனவே அங்கே ரெசிடென்சி செய்யும் சீனியர் ஒருவர் உங்கள் விண்ணப்பத்தைப் படித்து ஒரு மணி நேரம் ஒதுக்கக்கூடியவராக இருந்தால் இந்தச் செலவே தேவையில்லை. பயன்படுத்தாத அமர்வுகளுக்குப் பணம் திரும்பக் கிடைக்காது. அடுத்த பருவத்துக்கு மாற்றிக்கொள்ளலாம் என்கிறார்கள். மார்ச்சில் இடம் கிடைத்துவிட்டவருக்கு அடுத்த பருவம் எதற்கு என்று கேட்டு அனுப்பிய அஞ்சலுக்கு இதுவரை பதில் இல்லை.